பின் ஸ்பீக்கரில் ஒரு குரல்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று எங்கள் கட்டடத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள், முக்கியமாக அந்த டியூஷன் டீச்சர். அவள் வாய் சும்மா இருக்காது. அது சரியில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. நான் நுழைப்பது காதை. அதுவும் தொழிலுக்காக.

முன்னறையைப் பார்த்தீர்கள் அல்லவா? கம்ப்யூட்டர், டேப் ஓட்டும் பெட்டி, சுற்றிலும் ஆறு ஸ்பீக்கர். இங்கே எடுக்கிற வீடியோ பால் முறை. காப்பிக்கு ஊற்றுகிற பால் இல்லை. ஒளிபரப்பு முறையின் பெயர். மேல் வீட்டுக்காரியின் கணவர் வேலை பார்க்கும் நாட்டில் என்டிஎஸ்சி முறை. இங்கே நொடிக்கு இருபத்தைந்து படம், அங்கே கணக்கு வேறு. அதற்காகப் படத்தை நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாக்குவேன். ஒலியையும் அதே அளவு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றாகிவிடும். இழுத்தால் குரல் கனத்துப்போகும். அதைத் தூக்கி, அவரவர் குரலாகத் திருப்பித் தர வேண்டும். பல பேர் இந்தக் கடைசி வேலையைச் செய்வதே இல்லை. நான் செய்வேன். என் வேலையில் இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அந்த மனுஷர் போன விடுமுறைக்கு வந்தபோது, சுற்றிலும் ஒலி பிடிக்கிற கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே தன் அறையில் ஆறு ஸ்பீக்கர் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாராம். "பின்னாடி ஸ்பீக்கர்ல குக்கர் விசில் கேட்டாப் போதும்க்கா, வீட்லயே இருக்கற மாதிரி இருக்கு" என்று போனில் என்னிடமே சொன்னார். பாவம், விசிலுக்கு ஏங்கும் ஜென்மம். அவள் எடுக்கிற டேப்பை மாற்றி அனுப்புவது என் பொறுப்பு. அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் மூன்று வயதுக் குட்டியைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. குட்டி என்னைப் பெரியம்மா என்பாள். பகலில் என் மடியில்தான் தூங்குவாள்; தூக்கத்திலேயே என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். எனக்குப் பிள்ளை இல்லை என்பதையும் டீச்சர் சொல்லியிருப்பாள்.

ஒருநாள் மேல் வீட்டுக்காரி தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அக்கா, விசா வந்துடுச்சு. அடுத்த மாசம் கிளம்பறோம்."

"குட்டி?"

"இது என்னக்கா கேள்வி, அவளை விட்டுட்டா போவேன்? உங்களுக்கும் இனிமே நிம்மதி. உங்க பாட்டுக்கு வேலையைப் பாக்கலாம்."

நிம்மதி என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு டேப் கொடுத்தாள். குட்டி கட்டிலில் குதித்துக் குதித்து ஆடுகிறாள். கேமரா அவள் அம்மா கையில். பின்பக்க ஒலியை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். எல்லாருடைய டேப்பையும் அப்படிக் கேட்பதுதான் என் வழக்கம். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பேசுவதுதான் சுவாரசியம். அங்கே நின்றது அவளுடைய தம்பி, காலேஜ் பையன்.

"அக்கா, சாயங்காலம் ஸ்கூட்டர் எடுத்துட்டுப் போலாமா? பயப்படாத, நான் பிடிச்சுக்கறேன்."

"மெதுவா பேசு, பதிவாகுது. அவருக்குத் தெரிய வேணாம். அங்க போய் ஓட்டிக் காட்டி அசத்தணும்."

தெருவில் தினமும் அவள் ஸ்கூட்டரில் தடுமாறுவதையும், அவன் பின்னாலேயே ஓடுவதையும் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

படத்தை வழக்கம்போல மாற்றினேன். பின்பக்க ஒலியில் "அக்கா" என்பதை வெட்டி எடுத்தேன். ஸ்கூட்டரை எடுத்தேன். ஓட்டிக் காட்டி அசத்துவதை எடுத்தேன். பிறகு அவன் பேசிய துண்டுகளை மட்டும் மறுபடி இழுத்தேன், அதன் பிறகு இன்னொரு முறை. குரலைத் தூக்கவில்லை. மீசை சரியாக முளைக்காத பையனின் குரல், நாற்பது வயது ஆளின் குரலாக இறங்கிவிட்டது. கேமராவுக்குப் பின்னால் பேசுகிறவனின் வாய் படத்தில் தெரியாது, அம்மா. எவ்வளவு இழுத்தாலும் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குக்கர் விசிலைத் தேடி அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும் ஸ்பீக்கரில் அதை வைத்து அனுப்பினேன்.

கோபித்துக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்வார், அவ்வளவுதான் என் கணக்கு. அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார் என்று நான் கண்டேனா? கீழ்க் கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். சவரம் செய்யாத முகம். கையில் பெட்டிகூட இல்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடக்காது. சாயங்காலத்துல இவ எங்க போறா?"

"எனக்கெதுக்குப்பா அடுத்த வீட்டு விஷயம்?" என்றேன்.

மேலே போனார். கூரை வழியாக எல்லாம் கேட்டது. அவள் அழுதாள். தம்பி, "மாமா, அது என் குரல் மாமா, சத்தியமா நான்தான்" என்று கெஞ்சினான்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா? இவளைக் காப்பாத்த நீயும் பொய் சொல்றியா?"

கதவு திறந்தது. தடுமாறும் காலடி. பிறகு படிக்கட்டில் ஒரு சத்தம். என் வாசல் வரைக்கும் வந்து நின்றது.

குட்டி பார்க்கக்கூடாதே என்றுதான் முதலில் மேலே ஓடினேன். அவள் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டேன். தோளில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள்.

அசல் டேப் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் குட்டியை எங்கேயோ ஒரு விடுதியில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் உங்கள் லாக்கப்பில். அந்தப் பிள்ளைக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.