தலைவர் போர்த்திய சால்வை

"அம்மாளுக்குச் சால்வை போத்து விட்டிருக்கிறார், ரதி!"

லண்டன் வெம்பிளியில் ரயில் ஏறி என் எதிரே அமர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னது இது. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அவள் மடியிலிருந்த துணிப்பையிலிருந்து சுட்ட மண்ணால் ஆன பெண்ணுருவம் ஒன்று எட்டிப் பார்த்தது. பாபிலோன் காலத்துத் தெய்வத்தை மியூசியத்தில் பார்த்து, மட்பாண்ட வகுப்பில் தானே செய்ததாம். ஊர்ச் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தாளாம்.

"உடுப்பில்லையெண்டு சங்கத் தலைவருக்குக் கூச்சமாம். என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை. தன்ரை சால்வையாலை மூடிப்போட்டார்."

"பிள்ளையளும் வாற இடமெல்லே, வசந்தி," என்றாள் மற்றவள்.

"வரட்டும்! ரெண்டு கையாலும் மார்பைத் தாங்கிக்கொண்டு நிக்கிறா. பசிச்ச பிள்ளையை வா எண்டு கூப்பிடுறா. அந்தக் காலத்தில அச்சில மண்ணை அமத்தி எடுத்து, சனம் வீட்டில வைச்சிருந்ததாம். அந்த இடுப்பைப் பார், கழுத்து மாலையைப் பார். இதில என்ன அசிங்கம்?"

ரதி பையை விலக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"உண்மையா வடிவுதான். பேந்து என்ன செய்தனீ?"

"எல்லாருக்கும் முன்னாலை சால்வையை உருவி, அவரின்ரை தோளிலையே போட்டிட்டு, இவவைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

"இனி எங்கை வைக்கப்போறாய்?"

"முன் ஜன்னல்ல. றோட்டைப் பாத்தபடி."

"தலைவர் வீடு உங்கட வீட்டுக்கு நேர் எதிரையெல்லே?"

"ஓம்," என்றாள் வசந்தி.