கேட்டால் சொல்லும் கோபுரம்

எங்கள் எஸ்டேட் இருக்கும் கோலா சாவாவில் மழை பிடித்தால் ஹேண்ட்போனில் லைன் கிடைக்காது என்பார்கள். அது தப்பு, இன்ஸ்பெக்டர் சார். மழை ஒன்றும் செய்யாது. போன் கோபுரம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சிரம்பானில் போன் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. தொண்ணூற்றாறில் எங்கள் எஸ்டேட்டில் ஹேண்ட்போன் வைத்திருந்தவன் லாரி ஓட்டும் சந்திரன் ஒருவன்தான். அந்தத் திமிரில் என் தங்கை நீலாவதியைக் கூட்டிக்கொண்டு ஓடினான். என் அப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்குபவர். அவன் அப்பா அவருக்குக் கீழே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஹேண்ட்போன் சும்மா சட்டைப்பையில் கிடந்தாலும், தான் இருக்கும் இடத்தைப் பக்கத்துக் கோபுரத்திடம் சொல்லிக்கொண்டே இருக்கும். நம்பரைத் தட்டினால் எந்தக் கோபுரம் என்று எங்கள் திரையில் வந்துவிடும். கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று விசாரிக்காது. இது ஆபத்து என்று மேலதிகாரிக்கு நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை.

சந்திரன் போனை ஆஃப் பண்ணி அடைத்தே வைத்திருந்தான். ஏழு மாதம் தினமும் தட்டிப் பார்த்தேன். பிறகு நீலாவதியே அவன் ஹேண்ட்போனிலிருந்து என் மேசைப் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கேன்னு மட்டும் கேக்காதண்ணே, பயமா இருக்கு லா. புள்ள பொறக்கப் போவுது. ஒன் மடியில வச்சுத்தான் காது குத்தணும்."

"சந்தோஷம்மா. போன அடைச்சிடாத. அம்மா பேசணும்னு அழுவுறாங்க."

அம்மா அழவில்லை. அம்மாவுக்கு விஷயமே தெரியாது.

மறுநாள் அந்த நம்பரைத் தட்டினேன், திரையில் கடலோரத்து சி ரூசா கோபுரம் வந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டாரில் போனேன். கடற்கரை ரோட்டில், ஒரு பலகை வீட்டு வாசலில் அவன் லாரி நின்றது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். கதவை வெளியிலிருந்து கயிற்றால் கட்டினேன். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினேன். என் கோபமெல்லாம் அவன்மேல்தான், சார். தங்கையை நான் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை.

உள்ளேயிருந்து அவள் கடைசியாகக் கூப்பிட்டது என் மேசை நம்பரை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நாலு முறை அடித்ததாம். பார்த்தீர்களா, ஆபத்து என்றதும் அண்ணனைத்தான் தேடியிருக்கிறாள். நான் மேசையில் இருந்திருந்தால் கட்டாயம் எடுத்திருப்பேன்.