ஒரே நாவல், இரண்டு பேர்

பல்லடம் பேருந்தில் என் முன் இருக்கையில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

“ஒரே நாவலுங்க்கா. நான் போன்ல கேக்கறேன், அவரு புத்தகத்துல படிக்கிறாரு.”

“ஏங்கண்ணு, புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா உக்காந்து கேக்கலாமில்ல?”

“விசைத்தறிச் சத்தத்துல அவருக்குக் காது சுத்தமாப் போயிருச்சுங்க. எனக்குச் செக்கிங்ல துணியப் பாத்துப் பாத்து, சாயங்காலமானா எழுத்தே தெரியறதில்லீங்க.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நேத்து ஒரு பக்கத்துல நிறுத்திட்டு, கதைல வர்ற இந்தப் பொண்ணு அழுகறபோது கொரல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாருங்க.”

“காது கேக்காதவருக்கு என்னன்னு சொல்லுவ?”

“அவரு கைய எடுத்து என் தொண்டைல வெச்சுட்டு, கேட்ட மாதிரியே பேசுனேனுங்க. இன்னொருக்காப் பேசச் சொன்னாரு. அப்பறந்தான் பக்கத்தைத் திருப்புனாரு.”