கேமரா எட்டாத மூலை

‘நான் பின்னாடி நிக்கிற வரைக்குந்தான் கொழுந்து...’ன்னு என்னமோ வரும் சிஸ்டர். சுத்தமா விழும்னு வருமா, கூடை நெறையும்னு வருமா, கடைசி வார்த்த மறந்துபோச்சு. எங்கப்பா சொல்றது. வண்டிப்பெரியார்ல தேயிலை எஸ்டேட் கங்காணி அவரு. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க முதுகுக்குப் பின்னாடியே நிப்பாரு. வீட்டுக்கு வந்தா என் முதுகுக்குப் பின்னாடி. ஹாஸ்டல் ஃபாரமா? இந்தாங்க, கையிலதான் இருக்கு. நாலு மணி வரைக்கும் டயம் இருக்குல்ல? என் ஒப்பு, கையெழுத்து மட்டும் இன்னும் போடல. போடுறேன்.

என் தமிழ் உங்களுக்கு மனசிலாவுதா? மலையாளமும் வரும் எனக்கு. ஏழாவது வரைக்கும் தமிழ், அப்புறம் மலையாளம் மீடியம். ஆனா இதத் தமிழ்லதான் சொல்ல வருது.

என் பொண்ணு ஆர்த்தியா? வெளிய பெஞ்சுல அவ அம்மாகூட இருக்கா. உங்ககிட்ட பேசுனாளா? சிரிச்சாளா? ...ம். நல்லது.

நான் பதினாலு வருஷம் மஸ்கட்ல. ஒரு குடோன்ல ஸ்டோர்கீப்பர். என் சம்சாரம் மாரீஸ்வரி காலைல கொழுந்துக்குப் போனா அஞ்சு மணிக்குத்தான் லயத்து வீட்டுக்கு வருவா. பொண்ணு அப்ப எட்டாங்கிளாஸ், ஸ்கூல் விட்டு வந்து தனியா இருக்கா. பயம் இருக்காதா? லீவுல வந்தப்ப ஒரு கேமரா மாட்டிட்டுப் போனேன். ஃபோன்ல பாக்கலாம், பேசலாம், அந்த மாதிரி. மஸ்கட்ல எங்க ரூம்ல பாதிப் பேரு அவங்கவங்க வீட்டுல மாட்டியிருந்தாங்க.

மொதல்ல பயத்துக்குத்தான் பாத்தேன், சத்தியமா. அப்புறம் சாயந்தரமானா கை தானா ஃபோனுக்குப் போயிரும். ஆர்த்தி, நேரா உக்காரு. ஆர்த்தி, அங்க யாருகூட பேச்சு. ஆர்த்தி, தலைமுடிய விடு, புஸ்தகத்தப் பாரு. எங்கப்பாவாவது, திரும்பிப் பாத்தா ஆளு தெரியும்.

ஒம்பதுல படிக்கும்போது ஸ்கூல் ஓண விழாப் பரிபாடிக்கு டான்ஸ் பழக நாலு புள்ளைங்க வீட்டுக்கு வந்துச்சுங்க. என்கிட்ட கேக்கல. கேட்டா விடமாட்டேன்னு தெரியும். நான் குடோன்ல நின்னு ஃபோன்ல பாக்குறேன், வீட்டுப் பெட்டியெல்லாம் ஓரங்கட்டிட்டு ஆடுதுங்க. ஆர்த்தி அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதப் பாத்துட்டு நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கிறீங்க? வெக்கங்கெட்டவளேன்னு கத்துனேன். சொவத்துல இருந்து. ஒரு புள்ள, தமிழ்ப்ரியான்னு பேரு, பயந்து அழுதுருச்சு.

மறுநாள் ஸ்கூல்ல எனக்குப் பேரு வச்சாச்சு. சொவரப்பன். ஏட்டி, சொவரப்பன் கூப்புடுதாரு, ஓடு ஓடு! ...சிரிங்க சிஸ்டர், பரவால்ல. பொருத்தமாத்தான் வச்சிருக்குங்க.

அதோட வீட்டுக்கு யாரும் வரல. இவளும் யாரு வீட்டுக்கும் போகல. மார்க்கு மட்டும் ஏறுச்சு. அத ரூம்ல எல்லாருக்கும் காட்டி, பாத்தீங்களா, வளக்குற விதத்துல இருக்குடான்னு பெருமையடிச்சவன் நான்.

எட்டு மாசம் முந்தி வேலை போயி வந்துட்டேன். வந்த அன்னைக்கே கேமராவக் கழட்டுனேன். கழட்டிட்டு எறங்கும்போதுதான் பாக்குறேன், அடுக்களைக் கதவுக்குப் பின்னால, அரிசி டிரம்முக்கும் சொவருக்கும் நடுவுல ஒரு பலகை. அதுமேல ஒரு தலகாணி, சீப்பு, பாதி தின்ன முறுக்குப் பொட்டலம். அந்த வீட்டுல கேமரா எட்டாத எடம் அது ஒண்ணுதான். நான் கூப்புட்டா ஓடி வந்து கேமரா முன்னாடி உக்காருவா. பாத்ரூம் போயிருப்பான்னு நெனச்சுக்குவேன். ரெண்டு வருஷமா என் மக அந்த டிரம்முக்குப் பின்னாடிதான் வளந்திருக்கா.

இப்பவும் பக்கத்துல நின்னு ஆர்த்தின்னு கூப்புட்டா, என்னையப் பாக்க மாட்டா. தலையத் தூக்கி, சொவத்துல கேமரா இருந்த எடத்தப் பாப்பா. அப்புறந்தான் என் பக்கம் திரும்புவா.

இந்த ஃபாரம் அவளா வந்து வாங்குனது. ஒப்பு போடுங்கப்பான்னு ஒரே தடவதான் சொன்னா. பதினோரு நாளா என் பாக்கெட்ல கெடந்துச்சு. வீட்டுல இருந்தே போற தூரத்துல பிளஸ் ஒன் இருக்கே, ஹாஸ்டல் எதுக்குன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயி டிரம்முக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டா. கேமரா கழட்டி எட்டு மாசம் ஆச்சு சிஸ்டர்.

என்ன? ஆமா. போன வாரம் ஒரு ஆளு ஃபோன் பண்ணி, ஹாஸ்டல்ல கேமரா இருக்கா, அத வீட்டுல இருந்தே பாக்க வழி உண்டான்னு கேட்டான்ல. குரல வச்சுத்தான நான் வந்ததுலருந்து என்னைய இப்பிடிப் பாக்குறீங்க. நான்தான் அது.

அந்தப் பேனாவக் குடுங்க.

இந்தாங்க, ஒப்பு போட்டாச்சு. பாக்க வர்றவங்க பேருன்னு கேட்டிருக்குற எடத்துல அவ அம்மா பேரும், சித்தி வேலுத்தாய் பேரும் எழுதியிருக்கேன். என் பேரு எழுதல.