தெரிந்தும் பேசாதவள்

தாம்பரத்திலிருந்து கோவளம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எம்பொண்ணுக்கு பிரெஞ்சு தெரியும்க்கா. தெரிஞ்சுகினே வாய மூடிக்கினா."

மூத்தவள் திரும்பினாள். "இன்னாடி சொல்ற? அந்த பிரெஞ்சு ஸ்கூல்ல சீட்டு கெடைக்கலியா?"

"இல்லக்கா. அங்க ஆறாவதுலேர்ந்து எல்லா பாடமும் பிரெஞ்சுலதான். அங்கியே படிச்ச புள்ளைங்க நேரா போய்டும். வெளியேர்ந்து வர்ற புள்ள பேசிக் காட்டணும். இவ ஒரு வருசமா போன வெச்சுகினே கத்துக்கினா."

"அப்புறம் இன்னா?"

"இன்டர்வியூல மொதல்ல நல்லாத்தான் பேசுனா. அப்பால கேள்வி கேட்ட டீச்சரம்மா என்னாண்ட திரும்பி பிரெஞ்சுல ஏதோ கேட்டுச்சு. புரியாம சும்மா சிரிச்சேன். அங்க இருந்தவங்க எல்லாம் என்னப் பாத்து சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் இவ வாயத் தொறக்கவேயில்ல."

"பயந்துட்டா போல."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். வெளிய வந்து கேட்டா, 'உன்னப் பாத்து சிரிக்கிற எடம் எனக்கு வேணாம்மா'ன்றா."

"தங்கமான பொண்ணுடி."

இளையவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அழுவாத. அடுத்த வருசம் சேத்துக்கலாம்."

"ஆறாவதுக்கு மட்டும்தான்க்கா வெளிப் புள்ளைங்கள எடுப்பாங்க. இனிமே கெடையாது."

பேருந்து கேளம்பாக்கத்தைத் தாண்டியது. பிறகு இளையவள், ஜன்னலைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னாள்:

"நான் உள்ள போவாம வாசல்லயே நின்னுருக்கலாம்க்கா."