பக்கத்து வீட்டுக்காரர்

எங்கள் தெருவில் பகலில் யாரும் திரையை மூடி வைப்பதில்லை. காலையில் எழுந்ததும் முன்னறை ஜன்னல் திரையை விலக்கிவிட வேண்டும், காபியெல்லாம் அதற்கப்புறம்தான். எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று போகிறவர் வருகிறவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? காலைச் செய்தி முடிந்த பிறகும் ஒரு வீட்டில் திரை விலகவில்லை என்றால் எதிர்வீட்டிலிருந்து யாராவது கோட்டை மாட்டிக்கொண்டு போய் மணி அடிப்பார்கள். உள்ளே இருப்பவர் தூங்கிப்போயிருந்தால் சிரித்துவிட்டுத் திரும்புவார்கள். தூங்காமல் வேறு மாதிரி கிடந்தால் அதுவும் தெரிந்துவிடும். மேரல் தெருவில் என் சின்ன வயதிலிருந்தே இதுதான் வழக்கம்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும் இன்ஸ்பெக்டர் அம்மா. நான் படிக்காதவன். தெருக்களுக்குச் செங்கல் பதித்தே முதுகு வளைந்தவன். வக்கீல் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஒரு வக்கீலிடம் போய்ப் பட்டது போதும்.

எங்கள் அப்பா கட்டியது ஒட்டினாற்போல இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள் இருந்தோம். இன்னொன்றை ஹெசினாவுக்கும் அவள் புருஷனுக்கும் வாடகைக்கு விட்டார். அப்போது அவள் கல்யாணமாகி வந்த புதுப்பெண். பிறகு அப்பா போனார், அவள் புருஷன் போனான், என் பெண்டாட்டி போனாள். கடைசியில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் மிஞ்சினோம். அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

கெட்டவள் என்று சொல்லமாட்டேன். வாடகை தவறியதில்லை. ஜன்னலோரம் சிவப்பு ஜெரேனியம் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பாள். கோடையில் தங்கையைப் பார்க்கக் கடலோரம் போகும்போது பின்வாசல் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள். காலையில் போய்த் திரையை விலக்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், சாயங்காலம் விளக்கைப் போட்டுத் திரையை மூட வேண்டும். வீடு காலியாகக் கிடக்கிறது என்று திருடனுக்குத் தெரியக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் செய்கிற சின்ன உபகாரம்தான். பல கோடைகள் செய்திருக்கிறேன். ஊரிலிருந்து திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் இஞ்சி பிஸ்கட் வாங்கி வருவாள்.

என் மகள் மார்லூஸ் புருஷனை விட்டுப் பிரிந்தாள். அப்போது ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள், "பக்கத்துல ஒரு வீடு கிடைச்சா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடுவேம்ப்பா" என்று. பக்கத்தில் வீடு இருக்கிறதே! என்னுடைய வீடு. அதனால்தான் வக்கீலிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் அவங்களை நீங்க காலி பண்ண வைக்க முடியாதுங்க." கவனியுங்கள், அந்த வார்த்தை வக்கீலுடையது. எனக்கு அப்படி ஒரு எண்ணமே அதுவரை வந்ததில்லை.

எதிர்வீட்டு டீனியின் பிறந்தநாளையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் அவளிடம் கேட்பீர்கள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தோம். டீனியின் புது மருமகன் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தான். ஹெசினா என்னைக் காட்டி, "இவர் டெர்க், என் பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள்.

"வீட்டுக்காரர்" என்று நான் திருத்தினேன்.

"வீட்டுக்காரர்னா அது உங்கப்பா" என்றாள் அவள். "அவர்தான் எனக்கு வீடு விட்டவர். நீங்க பக்கத்துல குடியிருக்கீங்க, அவ்வளவுதான்."

வட்டமே சிரித்தது. "விடு டெர்க், கேக்கைத் தின்னு" என்றாள் டீனி. "மூஞ்சியைப் பாரு, பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி."

நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அந்த இலையுதிர்காலத்தில் அவள் மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது என்று சொன்னாள். எங்கள் வீட்டுப் படிகள் உங்களுக்குத் தெரியும், ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். நான் போய்ப் பார்த்தேன். ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. கழற்றிச் சரிசெய்து மாட்டுகிறேன் என்று கைப்பிடியை முழுசாகக் கழற்றி எடுத்துவந்தேன். என் கொட்டகையில் நீங்கள் எடுத்தது அதுதான். பனிக்காலம் வந்தது. அவள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "பக்கத்து வீட்டுக்காரரே, கைப்பிடி என்னாச்சு?" என்று கேட்பாள். "ஆகட்டும்" என்பேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காத வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?

விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். முதலில் தடதடவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் சுவரில் லேசாகத் தட்டுகிற சத்தம். ரொட்டியைத் தின்று முடித்தேன். அவள் வீட்டுத் திரை இன்னும் மூடியிருக்கிறது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சும்மா விட்டால் டீனி வந்து மணி அடித்துவிடுவாள். சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.

படிக்குக் கீழே, வாசல் கதவுக்கு உள்பக்கம் கிடந்தாள். ஒரு கால் தப்பான திசையில் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது!

"பக்கத்து வீட்டுக்காரரே, நல்லவேளை வந்தீங்க. இடுப்பு போச்சு, அசைய முடியல. டாக்டரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன்" என்றேன்.

முன்னறைக்குப் போய்த் திரையை விலக்கினேன். டீனி நாயைப் பிடித்துக்கொண்டு போனாள், கையைக் காட்டினேன், அவளும் காட்டினாள். தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன். காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டேன். பிறகு அவள் கிடந்த நடைக்குப் போகிற கதவைச் சாத்திவிட்டு வந்த வழியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவள்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கோடையில் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். காலையில் திரை, தண்ணீர். சாயங்காலம் விளக்கு, திரை. ஒரே வித்தியாசம், இந்த முறை அவள் ஊருக்குப் போகவில்லை.

அவள் கூப்பிடுவது சுவர் வழியாகக் கேட்டது. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். தபால்காரன் எப்போதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருகிறவன், கதவுத் துளையில் கடிதத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். கடிதங்கள் அவள் மேலேயே விழுந்திருந்தன. அவற்றை எடுத்து மேசையில் ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

மறுநாள் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துவைக்கும்போது டீனி பிடித்துக்கொண்டாள். "என்ன டெர்க், ஹெசினாவை வெளியிலேயே காணோம்?"

"ஜலதோஷம். படுத்துக் கிடக்கா. நான்தான் பார்த்துக்கறேன்."

"நீயா? அதான் இப்படி மழை கொட்டுது." சிரித்தாள். "சூப்பு கீப்பு கொண்டுவரட்டுமா?"

"தொத்திக்கும். உன் வயசுக்கு அது தேவையா?"

"போடா கிழவா. திரை திறந்திருக்கு, அப்ப நல்லாத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் திறந்த திரைக்கு ஒரே அர்த்தம்தான்.

அன்றைக்கு ஹெசினா டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள். நான் செடிக்கு ஊற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பூவாளியிலிருந்து மண்ணில் விழுகிற சத்தம் அமைதியான வீட்டில் நன்றாகவே கேட்கும். "எனக்கும்" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரரே, எனக்கும்." செடிகள் வாடினால் வெளியே தெரியும் என்பதால்தான் ஊற்றினேன். அவளுக்கு ஊற்றுவது வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீங்கள் அந்தத் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்ததை நான் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். மண் ஈரம். தாகத்தில் செத்தவள் வீட்டில் செடிக்கு மட்டும் யார் தண்ணீர் விட்டது என்று அப்போதே உங்கள் முகத்தில் எழுதியிருந்தது. உங்களுக்கு முன்னால் வந்த ஆண்கள் யாரும் செடியைப் பார்க்கவே இல்லை.

மார்லூஸுக்காகச் செய்தேன் என்று நேற்று சொன்னேன். நீங்கள் அவளோடு பேசிவிட்டீர்கள் என்று தெரிகிறது. ஆமாம், ஹெசினா விழுவதற்கு முன்பே, ஈஸ்டருக்கு மார்லூஸ் போன் செய்தாள். அவளுக்கு அங்கேயே வீடு கிடைத்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம், இங்கே வரமாட்டேன் என்று சொன்னாள். சொன்னாள்தான். பெண்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் அப்போதும் கைப்பிடி கொட்டகையில்தான் இருந்தது, நான் போய் மாட்டவில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள். வீடு என்னுடையது. அதற்கு ஒரு காரணம் வேண்டுமா?

கடைசிச் சாயங்காலம் நான் பூவாளியோடு நடைக்கதவைத் திறந்தேன். இன்னும் மூச்சு இருந்தது. உதடு வெடித்து நாக்கு தடித்திருந்தது. கண் மட்டும் என்னைத் தேடிப் பிடித்தது. எதையோ சொல்லப் பார்த்தாள். குனிந்தேன்.

"வீட்டுக்காரரே" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"வீட்டுக்காரரே. தண்ணி."

தெளிவாகத்தான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பூவாளியின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். நான் முன்னறைக்குத் திரும்பிப் போய் ஓரத்துத் தொட்டியில் அதை ஊற்றினேன். அந்தச் செடிக்கு எப்போதுமே மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேவை. பிறகு திரையை மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதற்கப்புறம் சத்தமில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் ரேடியோ இல்லாமல் தூங்கினேன்.

நான்தான் செய்தேன் அம்மா. கைப்பிடியைக் கழற்றியதும் நான்தான், அவளைக் கிடக்கவிட்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மறுநாள் காலையில் நான் போய்த் திரையை விலக்கவில்லை. இனிமேல் அதற்கு அவசியம் இல்லை. காலைச் செய்தி முடிந்து காபிகூட ஆறியிருக்காது, டீனி கோட்டைச் சரியாக மாட்டக்கூட இல்லாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்து மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கவனித்துக்கொள்வோம்.