அவனுக்காக நான் பேசினேன்

முதலில் அந்த விசிறியை நிறுத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர். இல்லாவிட்டால் டேப்பில் என் பேச்சுக்குப் பின்னால் அது கரகரத்துக்கொண்டே இருக்கும். புழுக்கம் எனக்குப் பழகிப்போனது. பாதி ஆயுள் ஒலிப்பதிவு அறைகளில்தான் கழிந்தது.

பெயர் டொமினிக். வீடு ஈப்போ, சிலிபின். தொலைக்காட்சி நாடக இயக்குநர் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படமும் எடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் நடிகனாக இருந்தேன். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, நீங்களும் எழுத வேண்டியதில்லை.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணி. வேதக்காரக் குடும்பங்கள் அங்கே கொஞ்சம்தான் என்றாலும், பெரிய வெள்ளியன்று நாங்கள் போடும் பாஸ்கா நாடகத்துக்கு தொழிலாளர் லயத்து ஜனம் முழுக்க வரும். கிராணி மகன் என்பதால் இயேசு வேடம் எப்போதும் எனக்கு. ஒரு வருடம் ரோமப் போர்வீரனாக நிற்க வேண்டியவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சன்னாசி என்ற பால்மரம் வெட்டுகிற பையனைப் பிடித்து, ஈட்டியைக் கையில் கொடுத்து நிறுத்தினோம். அவன் மாரியம்மன் கோயில் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஒரே வசனம். சிலுவையில் தொங்குபவர் குற்றமற்றவர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவன் உடனே சொல்லவில்லை. ஈட்டியைத் தரையில் வைத்தான். என்னை அண்ணாந்து பார்த்தான். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் துக்கச் செய்தி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். ஜனம் அழுதது. நான் சிலுவையில் கட்டப்பட்டிருந்தேன், இன்ஸ்பெக்டர். அங்கிருந்து எல்லார் தலையும் நன்றாகத் தெரியும். ஒரு தலைகூட என் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

பொறாமை என்று எழுதாதீர்கள். கட்டை அவிழ்த்து இறக்கியதும் முதலில் போய் அவனைக் கட்டிப்பிடித்தது நான்தான்.

பிறகு நான் கோலாலம்பூருக்குப் போனேன். வானொலி நாடகங்களில் பேசினேன். குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளை நாடகங்கள் வந்த காலம், அதிலும் முயன்றேன். சில நாடகங்களுக்குப் பிறகு ஒரு தயாரிப்பாளர் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப்போனார். "முகத்துல ஒண்ணும் வரமாட்டேங்குதுப்பா. நீ நல்லா வேலை தெரிஞ்சவன். கேமராவுக்கு இந்தப் பக்கம் வந்துடேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். நானே ஒரு நாடகத்தில் என்னைப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறேன். யாரும் வராத மாதிரியே இருந்தது.

இயக்குநரானதும் தோட்டத்துக்குப் போய் சன்னாசியை அழைத்து வந்தேன். அவன் தோட்டப் பள்ளியைப் பாதியில் விட்டவன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவான். வசனங்களை நான் படித்துக்காட்டுவேன், அவன் காதால் வாங்கிக்கொள்வான். அவனுக்காகவே நாடகங்களை எழுதினேன். குடிகாரத் தகப்பன், கண் தெரியாத பூசாரி, மகளை விரட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் கங்காணி என்று எல்லாம் அவன்தான். தோட்ட மன்றங்களில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஊர் முழுக்கக் கூடிப் பார்க்கும். லகாட் சாலையில் அவனோடு நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து வந்து தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, கேமராவை என்னிடம் நீட்டுவார்கள். நான் எடுத்துக்கொடுப்பேன்.

படப்பிடிப்பு முடிந்து என் டட்சன் காரில் இருவரும் ஈப்போவுக்குத் திரும்புவோம். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர். தாப்பாவில் நிறுத்தி மீ கோரேங் சாப்பிடுவோம். வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வருவான். இருளாயிக் கிழவி ஆடு தொலைத்த கதை, வேலை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தேள் கொட்டிய கதை. நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். என் அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனை இறக்கிவிட்டுச் சிலிபின் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். தனியாக இருப்பவர்களுக்குத்தான் அது புரியும். உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, மேசையில் படம் பார்த்தேன்.

எண்பத்தொன்றில் படம் ஆரம்பித்தேன். துண்டு போட்டு விற்கப்பட்ட ஒரு தோட்டத்தில், மூடிக்கிடந்த ரப்பர் ஸ்டோரில்தான் முக்கால்வாசிக் காட்சிகள். படத்தை முதலில் எடுத்துவிட்டு, குரலைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்ப்பதாகத் திட்டம். அதற்குள் சன்னாசிக்குக் கல்யாணமாகியிருந்தது. மனைவி பெயர் மங்களம், பாரிட் புந்தார் பெண். அப்போது முழுகாமல் இருந்தாள். படப்பிடிப்புக்குக் கூடவே வந்து, இஞ்சியும் தேனும் போட்டுக் காய்ச்சி அவனுக்கு பிளாஸ்கில் ஊற்றி வைப்பாள். முன்பெல்லாம் அதை நான்தான் செய்துகொண்டிருந்தேன்.

படம் முடியும் தறுவாயில் தாப்பாவில் சாப்பிடும்போது சன்னாசி சொன்னான்.

"அண்ணே, இதோட நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேன். மங்களத்தோட அண்ணன் நெல்லு மில்லுல வேலை இருக்குங்கிறாரு. பிள்ளை வரப்போவுது. பாரிட் புந்தார்லயே இருந்துடுறோம்லா."

நடிப்பை விட்டுவிட்டா என்று கேட்டேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் நடிச்சேன் அண்ணே. எனக்கு அதுல பெரிசா ஒண்ணும் இல்ல" என்றான். என் தட்டில் இருந்த முட்டையைப் பார்த்து, சாப்பிடவில்லையா என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். நல்ல சம்பளம் பேசினாலும் நிற்கமாட்டான், கெஞ்சினால் சங்கடப்படுவான், ஆனால் போய்விடுவான். ஒரு மனிதன் இன்னொருவனை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த இன்னொருவன் அவனுக்குத் தேவைப்பட வேண்டும். சன்னாசிக்கு நான் எதற்கும் தேவைப்படவில்லை. அதுதான் சிக்கல். பேச முடியாதவனுக்கு, அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டியிருக்கும்.

அந்த ஸ்டோரில் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் பழைய பீப்பாய்த் தோம்பு ஒன்றில் மிச்சம் கிடந்தது. கட்டடம் முழுக்க அதே நெடி. ஒரு கோப்பையிலிருந்து வந்தாலும் தனியாகத் தெரியாது. ஒரு போத்தலில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசி ஷாட் முடியும்வரை காத்திருந்தேன். படத்துக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். முடிந்ததும் வியர்த்துப்போய் வந்தான். பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினேன். என் கையிலிருந்து வாங்குவதை அவன் எப்போதும் பார்க்கமாட்டான், ஒரே மடக்காகக் குடிப்பான்.

பழைய ஸ்டோரில் போத்தல் மாறிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பிளாஸ்கை நிரப்பியவள் மங்களம். அவள் எதையாவது கைமறதியாக எடுத்து ஊற்றியிருக்கலாம் என்று நான் ஒருமுறைதான் சொன்னேன். அவளே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரத் துணிவில்லை. சன்னாசிக்குத் தொண்டை முழுக்கக் கட்டு. அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி அசைத்தான். அவள் என்னைப் பார்த்தாள். "போகச் சொல்றான்மா. கொஞ்ச நாள் கண்ணுல படாம இரு" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவன் கையை இன்னும் அசைத்துக்கொண்டுதான் இருந்தான். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவளால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம், போய்விட்டாள் என்றேன். ஒரு கையசைவுக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது இயக்குநரின் வேலை.

அவனைச் சிலிபினுக்கு அழைத்து வந்தேன். கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். பாரிட் புந்தாரிலிருந்து ஆள் வந்தால் அவனுக்கு இஷ்டமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அவனிடம் யாரும் வரவில்லை என்பேன். பெண் குழந்தை பிறந்ததை மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

படத்துக்குக் குரல் கொடுத்தது நான். இருட்டு அறையில் திரையில் அவன் வாய் திறக்கும், என் குரல் அதற்குள் போய் உட்காரும். என் ஆயுளில் நான் தனியாக இல்லாமல் இருந்தது அந்த நாட்கள்தான். ஈப்போ தியேட்டரில் ஜனம் அழுதது. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். உள்ளே புழுக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகும் நாடகங்கள் செய்தோம். வண்ணத்தில் அவன் முகம் இன்னும் நன்றாக வந்தது. அவன் நடிப்பான், நான் பேசுவேன். பத்திரிகைக்காரர்கள் வந்தால் அவன் என்ன நினைக்கிறான் என்பதை நான் சொல்லுவேன். தாப்பாவில் நிறுத்துவோம். அவனால் மீ விழுங்க முடியாது, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். ஈப்போ வரும்வரை காரில் நான்தான் பேசுவேன். நல்ல வருடங்கள், இன்ஸ்பெக்டர். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முந்தாநாள் நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினால் முன்னறையில் மங்களம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு சிறுமி. இந்தமுறை யாரையும் அனுப்பாமல் அவளே வந்துவிட்டாள். நான் இல்லாததால் கதவைத் திறந்தது சன்னாசி. குழந்தை அவன் மடியில் ஒரு கையை வைத்திருந்தது.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில கைய ஆட்டுனீங்களே, என்னைப் போன்னா சொன்னீங்க?"

அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். காற்றுப் போகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல் வந்தது.

"வா... ன்னேன்."

அவன் பேசினான், இன்ஸ்பெக்டர். எத்தனை நாளாக அவனுக்கு அது வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்த்ததில்லை.

மங்களம் திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "அண்ணே, அவரு என்னை வான்னுதான் கூப்பிட்டிருக்காரு" என்றாள்.

"அப்படிக் கைய ஆட்டுனா போன்னும் அர்த்தம் வரும்மா" என்றேன்.

அவள் மறுநாள் காலையில் டாக்சியோடு வருவதாகவும், அவரைத் தயாராக இருக்கச் சொல்லுமாறும் கூறினாள். இதுவரை பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று கும்பிட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்டோரிலிருந்து அன்றைக்குக் கொண்டுவந்த போத்தல் அடுப்படி அலமாரியில் பின்னால் இருந்தது. இத்தனை வருடம் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். தூக்கிப்போடத் தோன்றவில்லை.

நேற்றுக் காலையில் அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இஞ்சியும் தேனும் காய்ச்சிக் கொண்டுபோனேன். இது சாதாரண வீடு, ஸ்டோர் இல்லை. கோப்பை கிட்டே போனதும் அவனுக்கு நெடி தெரிந்துவிட்டது. கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது, அன்றைய ஷாட், பிளாஸ்க், மங்களம் எல்லாம். கேமரா இல்லையே என்றிருந்தது. பிறகு அவன் வாய் திறந்தான். என்ன சொல்ல வந்தான் என்று நான் கேட்கக் காத்திருக்கவில்லை. அவன் தொண்டை குறுகிப்போனது, மெதுவாகத்தான் இறங்கும். தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்சி வந்து நின்ற சத்தம் கேட்டபோது முடிந்திருந்தது. நானே போய்க் கதவைத் திறந்தேன்.

ஆம், இரண்டு முறையும் நான்தான் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். மங்களத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மணிக்கட்டில் இருக்கும் இந்தக் காயங்களைப் பற்றித்தானே முதலிலேயே கேட்டீர்கள். அவன் நகம்தான். தோல் கிழிந்து ரத்தம் வரும்வரை விடவில்லை. திமிறியிருக்கிறான் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். அவருக்கு நடிப்பைப் பற்றி என்ன தெரியும்? அவன் கைகளை நான் பதினைந்து வருடம் பார்த்தவன். என்னை விட்டுப் போக மனமில்லாமல்தான் அவன் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.